வீட்டில் முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் 14 வருடம் வீடு வீடாகப் போய் பேஷண்ட் பார்த்தேன். இப்போது இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே பயம்: "அக்கா, நான் அதிகம் படிக்கலை, என்னால முடியுமா?" முடியும். ஆனால் கையால் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

இது நர்ஸ் வேலையா, வீட்டு வேலையா?

இரண்டும் இல்லை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, சாப்பாடு ஊட்டுவது, படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைப்பது, பிடித்து நடக்கவைப்பது, வேளைக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, பேச்சுத்துணையாக இருப்பது. இதுதான் நம் வேலை. நர்ஸ் என்றால் ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் நம்மை "சிஸ்டர்" என்று கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும். ஆனால் கேட்டால் "நான் நர்ஸ் இல்லைங்க, கேர்டேக்கர்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், ஒருநாள் ராத்திரி ஊசியை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள்.

வேலை உண்மையிலேயே கிடைக்குமா?

கிடைக்கும். 2021ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பில், தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள், அப்பா அம்மா மட்டும் ஊரில். எந்த ஏஜென்சியைக் கேட்டாலும் ஆள் போதவில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

என்ன படித்திருக்க வேண்டும்? எங்கே பயிற்சி கிடைக்கும்?

எட்டாவது, பத்தாவது படித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பயிற்சிகள் இருக்கின்றன. மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்திலும், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் மூலமும் அவ்வப்போது வகுப்புகள் நடக்கும். "ஹோம் ஹெல்த் எய்ட்", "ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்" என்ற பெயர்களில் தேடுங்கள். முதலாவது நம் வேலைக்கு நேராகப் பொருந்துவது, இரண்டாவது ஆஸ்பத்திரி வார்டுக்கும் உதவும். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ள விருப்பம் என்றால், மத்திய அரசு அமைப்பான நேஷனல் ட்ரஸ்டின் "சகயோகி" என்ற பயிற்சித் திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பயிற்சியில் எத்தனை நாள் உண்மையான பேஷண்ட் பக்கத்தில் நிற்க விடுவார்கள் என்று கேளுங்கள். வெறும் வகுப்பும் பொம்மையும் மட்டும் என்றால், சான்றிதழ் கிடைக்கும், கை பழகாது.

ஏஜென்சி வழியாகப் போகலாமா, நேரடியாகப் போகலாமா?

முதல் இரண்டு வருடம் ஏஜென்சி நல்லது என்பது என் எண்ணம். உங்களுக்கு உடம்பு முடியாவிட்டால் ரிலீவர் அனுப்புவார்கள், வீட்டில் பிரச்சினை என்றால் பேச ஒரு ஆள் இருக்கும். ஆனால் வீட்டில் எவ்வளவு வாங்குகிறார்கள், உங்களுக்கு எவ்வளவு தருகிறார்கள், இரண்டையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற ஏஜென்சி வேண்டாம். ஒரிஜினல் ஆதார், ஒரிஜினல் மார்க்‌ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்தில் சேரவே சேராதீர்கள். எனக்கே அது நடந்தது. ஆரம்ப காலத்தில் ஒரு ஏஜென்சி என் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டை வைத்துக்கொண்டு, வேறு இடம் போகிறேன் என்றதும் ஐந்து மாதம் இழுத்தடித்தது. ஜெராக்ஸ் கொடுங்கள், போதும்.

நேரடியாகப் போவதென்றால், காவல்துறையின் ஆன்லைன் சேவையில் நன்னடத்தைச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி.

சேருவதற்கு முன்னால் என்னென்ன பேசிக்கொள்ள வேண்டும்?

பேசுவதற்குக் கூச்சப்படாதீர்கள். 12 மணி நேர டியூட்டியா, 24 மணி நேர டியூட்டியா? 24 மணி நேரம் என்றால் தூங்குவது எப்போது? ராத்திரி மூன்று தடவை எழுப்புகிறவர் என்றால், பகலில் இரண்டு மூன்று மணி நேரமாவது வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் பத்தாவது நாள் நீங்கள் படுத்துவிடுவீர்கள். மாதத்துக்கு எத்தனை நாள் லீவு, சம்பளம் எந்தத் தேதி, படுக்க எங்கே இடம், சாப்பாடு அவர்கள் வீட்டிலா? எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சமையல், பாத்திரம், துணி. பேஷண்டுக்குக் கஞ்சி வைப்பது, அவர் துணியைத் துவைப்பது, அவர் அறையைச் சுத்தமாக வைப்பது நம் வேலை. வீட்டில் உள்ள ஆறு பேருக்கும் சமைப்பது நம் வேலை கிடையாது. செய்தால் தப்பு என்று சொல்லவில்லை. நீங்கள் அடுப்படியில் நிற்கும்போதுதான் அந்தப் பெரியவர் தானாக எழுந்து பாத்ரூம் போகப் பார்ப்பார், விழுவார். அதைச் சொல்லி மறுத்தால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

முதல் நாள் அந்த வீட்டில் என்ன செய்வது?

நேராகப் பேஷண்ட் பக்கத்தில் போய் உட்காருங்கள். பிள்ளைகளிடம் அவரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள். காபி எத்தனை மணிக்கு, வெந்நீரா பச்சைத் தண்ணீரா, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும். தொடுவதற்கு முன்னால் "அப்பா, இப்ப வேட்டியை மாத்தப் போறேன், சரியா?" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். பேச முடியாதவராக இருந்தாலும் சொல்லுங்கள். காது கேட்கிறதோ இல்லையோ, உங்கள் கை வேகம் குறையும்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, தினமும் எழுதுங்கள். எப்போது என்ன சாப்பிட்டார், எவ்வளவு தண்ணீர், எத்தனை தடவை யூரின், மோஷன் போனாரா, பி.பி., சுகர், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. அட்டையின் உள்பக்கத்தில் டாக்டர் நம்பர், பிள்ளைகள் நம்பர், 108. டாக்டர் வந்தால் முதலில் இந்த நோட்டைத்தான் கேட்பார். அதே நோட்டுதான் நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் உங்களைக் காப்பாற்றும்.

பி.பி., சுகர் மாத்திரை வாங்க அலைகிற குடும்பம் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி எடுத்துச் சொல்லுங்கள். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், பிசியோதெரபிக்கும் ஆள் வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்தால் போதும்.

தூக்கித் தூக்கி இடுப்பு போய்விடும் என்கிறார்களே?

தூக்கினால் போய்விடும். தூக்காதீர்கள். நான் சொல்லிக்கொடுப்பதில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதற்குத்தான்.

பக்கவாதம் வந்து இடதுபக்கம் வராத ஒரு அம்மாவைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீல்சேரை அவர் நல்ல பக்கமான வலதுபக்கம், கட்டிலை ஒட்டிக் கொஞ்சம் சாய்வாக நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் போடுங்கள். கால் வைக்கும் பலகையை மடக்கிவிடுங்கள், அதில் இடித்துக் கிழியும் தோல் சீக்கிரம் ஆறாது. அம்மாவைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். படுத்தே இருந்தவருக்கு எழுந்ததும் பி.பி. இறங்கித் தலை சுற்றும். பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும். நீங்கள் எதிரில் நின்று, முழங்காலை மடக்கி, உங்கள் முட்டியால் அவருடைய வராத காலின் முட்டிக்கு முட்டுக் கொடுங்கள். பிடிப்பது இடுப்பில். பெல்ட் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அகலமான துண்டை இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டிக்கொள்ளலாம். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து எண்ணி, அவர் முன்னால் சாயும்போது அந்த வேகத்திலேயே எழுப்பித் திருப்பி உட்காரவையுங்கள். அவர் எழுகிறார், நீங்கள் துணை. அவ்வளவுதான்.

வராத கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது. அந்தத் தோள் லேசில் இறங்கிவிடும், இறங்கினால் வருடக்கணக்கில் வலி. சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியாக எடுங்கள். ஒருவரால் முடியாத எடை என்றால் வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கமே இல்லை.

படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதுதான் அடிப்படை. ஏர் பெட், வாட்டர் பெட் வாங்கிவிட்டோமே, திருப்ப வேண்டாமே என்று வீட்டில் சொல்வார்கள். வேண்டும். முழுக்க ஒருக்களித்து இடுப்பெலும்பு மேல் படுக்கவைக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதி சாய்வாக வையுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தொங்கவிடுங்கள். மேலே ஏற்றும்போது தரதரவென்று இழுக்காமல், விரிப்போடு சேர்த்து இரண்டு பேர் தூக்கி நகர்த்துங்கள்.

தினமும் குளிப்பாட்டும்போது, உடம்பு துடைக்கும்போது, வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, பின்மண்டை ஐந்தையும் பாருங்கள். புத்தகத்தில் "சிவந்திருக்கும்" என்று போட்டிருக்கும். நம் ஊர் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கும், புறங்கையால் தொட்டால் சூடாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். நான் பார்த்த ஒரு தாத்தாவுக்கு அப்படி ஒரு ரூபாய் அளவுக் கறுப்பு வால் எலும்பில் இருந்தது. முன்னால் இருந்தவர் மச்சம் என்று நினைத்துவிட்டார். நான் போன மூன்றாம் நாள் தோல் உரிந்தது, ஆற நான்கு மாதம் ஆனது. சந்தேகமாக ஒரு இடம் தெரிந்தால் அதைத் தேய்க்காதீர்கள், பவுடரைக் கொட்டாதீர்கள். அந்தப் பக்கம் படுக்கவைக்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

சாப்பாடு ஊட்டும்போது புரை ஏறுகிறதே?

படுத்த நிலையில் ஊட்டுவதால்தான் பெரும்பாலும் ஏறுகிறது. நேராக உட்காரவையுங்கள், தாடை லேசாகக் கீழே இருக்கட்டும். சின்ன ஸ்பூன். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். பக்கவாதக்காரர்களுக்குக் குழைந்த சாதத்தைவிடத் தண்ணீரும் காபியும்தான் அதிகம் புரை ஏறும். சாப்பிட்டதும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். முடித்ததும் கன்னத்துக்குள் ஏதாவது ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாய் கொப்பளிக்கவைத்து, அரைமணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பதை நர்ஸ் கற்றுத்தந்து, உங்களைச் செய்யச்சொல்லிப் பார்த்த பிறகே செய்யுங்கள்.

மருந்து, ஊசி விஷயத்தில் எதுவரை செய்யலாம்?

டாக்டர் சீட்டில் உள்ள மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுக்கலாம், பி.பி., சுகர் பார்த்து எழுதலாம், யூரின் பேக்கைக் காலி செய்யலாம். பேக் எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஊசி போடுவது, டியூப் மாற்றுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது நர்ஸ் வேலை. வீட்டில் எவ்வளவு கெஞ்சினாலும் தூக்க மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

இரண்டு அவசரங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சுகர் 70க்குக் கீழே போய் வியர்த்து நடுங்கினால், விழுங்க முடிகிறவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணுகிறது, ஒரு கை தூக்கவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் பக்கவாதம். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

மறதி நோய் உள்ளவர்களை எப்படிச் சமாளிப்பது?

சண்டை போடாமல். நான் பார்த்துக்கொண்ட 82 வயது பாட்டி ஒருவர் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், "பால்காரர் வந்துடுவார், நான் வீட்டுக்குப் போகணும்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பிவிடுவார். அது அவர் வீடுதான். முதல் வாரம் "இதுதான் பாட்டி உங்க வீடு" என்று சொல்லிச் சொல்லி அடி வாங்கினேன். பிறகு நானும் செருப்புப் போட்டுக்கொண்டு, "வாங்க, சொம்பை எடுத்துக்கிட்டுப் போலாம்" என்று அவர் கையில் ஒரு பித்தளைச் சொம்பைக் கொடுத்துத் தெருமுனை வரை கூடவே நடந்தேன். திரும்பி வரும்போது அதே வாசலைப் பார்த்து, "அப்பாடா, வந்துட்டோம்" என்றார். ஆறு மாதம் தினமும் அந்த நடை உண்டு. இறந்துபோன அம்மாவைத் தேடுகிறவரிடம் "அவங்க செத்து நாப்பது வருஷமாச்சு" என்று சொல்லாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதிய சாவு. "அம்மா என்ன சமைப்பாங்க?" என்று கேளுங்கள்.

வாசல் கதவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு. இரண்டும் கட்டாயம்.

மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொள்வதும் முதியவரைப் பார்த்துக்கொள்வதும் ஒன்றுதானா?

கைவேலை ஒன்று, நடந்துகொள்ளும் விதம் வேறு. 26 வயதுப் பெண் வீல்சேரில் இருக்கிறார் என்பதற்காக அவரைப் "பாப்பா" என்று கூப்பிடக் கூடாது. அவர் வேலைக்குப் போவார், நண்பர்கள் வருவார்கள், போனில் பேசுவார். எப்போது குளிப்பது, என்ன உடுத்துவது என்று அவர் சொல்வார், நாம் அவர் கையாகவும் காலாகவும் இருக்கிறோம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் தொடங்கி, ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளிகளுக்கு வழிகாட்டும் அமைப்பாக அதை வளர்த்தார். இன்னொருவர் கை உதவியோடு நடந்த வாழ்க்கை அது. நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் அப்படி நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் போங்கள்.

தண்டுவடம் மேல்பகுதியில் அடிபட்டவர்களிடம் ஒரு ஆபத்து உண்டு. திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை, பி.பி. எகிறும். முதலில் நேராக உட்காரவையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிறைந்துபோன சிறுநீர்ப்பைதான் காரணம். சரியாகவில்லை என்றால் 108.

ஆண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக. ஆண் பேஷண்டுகளில் பலர் ஆண் கேர்டேக்கர்தான் வேண்டும் என்கிறார்கள், ஆள்தான் கிடைப்பதில்லை.

அந்த வீட்டில் யாராவது தப்பாக நடந்தால் என்ன செய்வது?

உடனே வெளியே வாருங்கள். பேஷண்ட் பக்கத்தில் யாரையாவது நிறுத்திவிட்டு வந்தால் போதும், சம்பள பாக்கியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெண்களுக்கு 181. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

அந்த முதியவரையே வீட்டில் அடிக்கிறார்கள், பட்டினி போடுகிறார்கள் என்றால் 14567, முதியோர் உதவி எண். நம் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும், வேறு யாரும் அந்த அறைக்குள் வருவதில்லை.

நகை, பணம் காணாமல் போய் நம் மேல் பழி வந்தால்?

வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பீரோ சாவி, ஏ.டி.எம். கார்டு எதையும் வாங்காதீர்கள். குளிப்பாட்டும்போது கழற்றும் மோதிரத்தைக்கூட வீட்டில் ஒருவர் கையில் கொடுத்து நோட்டில் எழுதுங்கள். கடைக்குப் போனால் பில்லும் மீதியும் அன்றைக்கே.

எனக்கு என்ன பாதுகாப்பு உண்டு?

அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதியுங்கள், தமிழ்நாடு வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் சேர முடியுமா என்று தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஏஜென்சியில் பத்துப் பேரோ அதற்கு மேலோ சம்பளப் பட்டியலில் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையையும் போட்டுக்கொள்ளுங்கள்.

என் சொந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஏதாவது கிடைக்குமா?

அம்மா கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளி என்றால், தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுப் போடுங்கள். 2023 ஜனவரியில் அது மாதம் 2,000 ரூபாயாக இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையை முதலில் எடுத்துவிடுங்கள், எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

பணத்தைவிட உங்களுக்கு முக்கியமாக வேண்டியது ஒருநாள் ஓய்வு. அண்ணன் தம்பியிடம் "பணம் அனுப்பு" என்று கேட்பதைவிட "மாதத்தில் இரண்டு நாள் வந்து இரு" என்று கேட்டுப் பாருங்கள். வந்து இருந்து பார்த்தவன் அப்புறம் பணமும் அனுப்புவான்.

பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்துவிட்டால்?

வீட்டில் இறந்தால், நீங்களாக எதையும் முடிவு செய்யாமல் குடும்பத்தையும் டாக்டரையும் கூப்பிடுங்கள். டாக்டர் வந்து பார்த்து உறுதிசெய்து காரணச் சான்று தர வேண்டும், அதுவரை டியூபையோ ஊசியையோ எடுக்காதீர்கள். நேரத்தை நோட்டில் எழுதுங்கள். மரணத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதைத் துக்கத்தில் வீட்டில் மறந்திருப்பார்கள், ஒருமுறை நினைவூட்டுங்கள். கண்தானம் செய்ய விரும்பியிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், அதையும் அப்போதே சொல்லுங்கள்.

வீட்டில் சம்மதித்தால் கடைசிக் குளியலுக்குக் கூட நில்லுங்கள். எந்தத் தோள் வலிக்கும், எந்தப் பக்கம் திருப்பினால் முகம் சுளிப்பார் என்று தெரிந்த கை உங்களுடையது. நோட்டைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வாருங்கள். ஏஜென்சியிலிருந்து அடுத்த டியூட்டிக்கு அன்றைக்கே போன் வரும். நாலு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள்.